தண்டையார்பேட்டை மொட்டை மாடி அளவீடு: உதவி வேண்டும்

வணக்கம். பதினோராம் வகுப்பு படிக்கும் என் பொண்ணு மாடியில், தண்ணி டேங்க் நிழலில் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வைத்து தினமும் நோட்டில் குறிக்கிறாள். விடிகாலை 5 மணிக்கு 470 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 470 பங்கு). ராத்திரி காற்று தரையோடு தங்கிவிடுவதால் அப்படி, சரி. ஆனால் மதியம் 402!

ஊர், ஆலைப் புகைக்கு வெகு தூரத்தில் காற்றை அளக்கும் ஹவாயின் மௌனா லோவா மலை ஆய்வு நிலையத்தில் 1958-ல் சுமார் 315. 2024-ல் சராசரியே 424-ஐத் தாண்டிவிட்டது. ஆலைகள் நிறைந்த மணலியும் எண்ணூரும் பக்கத்தில் இருக்க, நமக்கு மட்டும் எப்படிக் குறையும்? மீட்டர், தான் பார்த்த மிகக் குறைந்த அளவையே 400 என்று தானாகத் திருத்திக்கொள்கிறது. இப்படியே போனால் வருஷா வருஷம் ஏறுவது தெரியவே தெரியாது. பிள்ளை நொந்துபோயிருக்கிறாள்.

அந்தத் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தத் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் சரிபார்த்த கருவி யாரிடமாவது இருந்தால், ஒருநாள் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாமா? நாங்களே எடுத்து வருகிறோம்.