வலசை வர்ற உள்ளான் பறவைங்க குளத்துச் சேத்துல என்னதான் திங்குது? கண்ணால பாத்தவங்க சொல்லுங்க

நொய்யல்கரையான்
நஞ்சராயன் குளம், மார்ச் கடைசி, தண்ணி வத்தி ஓரமெல்லாம் சேறு தெரிஞ்ச நேரம்ங்க. கொசு உள்ளான் கூட்டமா மேஞ்சிட்டிருக்கு, அதுல ஒண்ணு எனக்கு ரொம்ப கிட்டத்துல. சும்மா குத்திக் குத்தி எடுத்திட்டிருந்தது திடீர்னு நின்னு காலை ஊனி இழுக்க ஆரம்பிச்சுது, சேத்துக்குள்ள இருந்து செவப்பா ஒரு நூல் நீண்டு வருது, நெளியுது, அறுந்துருமோன்னு நான் மூச்சைப் புடிச்சிட்டு பாக்கறேன், அறுக்காம இழுத்து பக்கத்துத் தண்ணியில ஒரு அலசு அலசி முழுங்கிடுச்சு. மீன் தொட்டி வெச்சிருக்கறவங்களுக்கு தெரியும், கடையில பிளட் வார்ம்னு குடுப்பாங்கல்ல அதேதான். கொசு மாதிரியே இருக்கும் ஆனா கடிக்காத ஒரு பூச்சியோட புழு. ஒடம்புல ஹீமோகுளோபின் இருக்கறதாலதான் அந்த செவப்பு, காத்தே போகாத கருஞ்சேத்துல அது பொழைக்கறதும் அதனாலதான். இருபது முப்பது கிராம் இருக்கற பறவை ஆர்க்டிக் சைபீரியா வரைக்கும் போகணும், அதுக்கு வேண்டிய கொழுப்புல ஒரு பங்கு நம்ம திருப்பூர் சேத்துல இருந்து போகுதுன்னு நெனச்சா இன்னும் எனக்கு அடங்க மாட்டேங்குது. நீங்க பாத்ததையும் சொல்லுங்க.

பிசானம்
அண்ணாச்சி, எல்லாரும் புழு புழுன்னே சொல்லுதீய. திருநெல்வேலி கூந்தன்குளம் பக்கம் பிசான நெல்லு அறுப்பு முடிஞ்சு லேசா தண்ணி நின்ன வயல்ல கருவால் மூக்கன் கூட்டத்த பாத்தேன். முகம் முங்குற வரைக்கும் மூக்க உள்ள விட்டு எடுக்கு, நுனியில ஒத்த நெல்லு. அந்த நெல்லு அவ்ளோ நீள மூக்குல நுனியில இருந்து தொண்டைக்கு ஒவ்வொரு குலுக்கா மேல ஏறிச்சு பாருங்க, அத நான் மறக்கவே மாட்டேன். உமியோட அப்பிடியே முழுங்கிருச்சு. போர்ச்சுகல்லயும் இதே பறவை வடக்க திரும்புற வழியில நெல் வயல்ல இறங்கி சிந்துன நெல்லத்தான் முக்கியமா திங்குது. பேதை உள்ளானும் நெல்லு திங்கும். அதனால சேறு மட்டுந்தான் சாப்பாடுன்னு முடிவு கட்டாதீய.

சிங்காநல்லூர் கவிதா
பிசானம் அண்ணா, மூக்கன் நெல்லு திங்கறது சரி, அதை வெச்சு மத்ததுக்கெல்லாம் சொல்ல முடியாதுங்களே. பட்டாணி உப்புக்கொத்திக்கு மூக்கே துளியூண்டு, அது எங்க தோண்டறது? அதுக்கு கண்ணுதான் எல்லாம். ஓடும், சடார்னு நிக்கும், பாக்கும், ஒரு கொத்து. ஒரு நாள் சாயங்காலம் ஈரச் சேத்துல ஒண்ணு ஒத்தக் காலை மட்டும் முன்னாடி நீட்டி கிடுகிடுன்னு நடுங்க விட்டுச்சு, எனக்கு அடிபட்ட பறவையோன்னு நெஞ்சு திக்குனு ஆயிருச்சு. அந்த நடுக்கத்துல சேத்து மேல ஒரு குட்டி வண்டு அசஞ்சுது, அவ்ளோதான், கொத்திடுச்சு. அசையாத இரையை அசைய வெச்சு புடிக்குதுங்க! அதே இடத்துல உள்ளான் தொட்டுப் பாத்தே தேடுது, அதுக்கு மூக்கு நுனியில அவ்ளோ உணர்ச்சி, கொசு உள்ளானுக்கு சேத்துக்குள்ள விட்டபடியே நுனிய மட்டும் தெறக்கவும் முடியும். பச்சைக்காலி வேற மாதிரி, ஆழமில்லாத தண்ணியில ஓடி ஓடி மீன் குஞ்சு புடிக்கும். ஒரே குளத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு சாப்பாடு.

ராஜஸ்தான் தமிழன்
நான் சொல்லப்போறது நல்ல அனுபவம் இல்ல. 2019 நவம்பர், சாம்பர் ஏரி. ஜெய்ப்பூர்ல வேலை, நியூஸ் பாத்துட்டு போனேன். 18,000-க்கு மேல பறவை செத்துச்சு. என் கண்ணு முன்னாடி ஒரு நெடுங்கால் உள்ளான் நிக்குது, நிக்குதுன்னு சொல்லக்கூடாது, முட்டி போட்டு உக்காந்திருக்கு, றெக்கை ரெண்டும் தொங்கிப்போச்சு, தலைய தூக்க பாக்குது, கழுத்து தூக்க மாட்டேங்குது, மூஞ்சி தண்ணியில விழுது. ரெண்டு அடி தள்ளி ஒரு செத்த வாத்து, அதுல புழு கொதிச்சிட்டிருக்கு. அதுதான் விஷயமே, பாட்டுலிசம்ங்கற நோய். செத்த ஒடம்புல பாக்டீரியா விஷத்த உண்டாக்கும், புழு அந்த விஷத்த ஒடம்புல சேத்துக்கும், புழுவுக்கு ஒண்ணும் ஆகாது, அதைத் தின்ன பறவை செத்துரும், அதுல மறுபடி புழு. அதனாலதான் செத்ததை எல்லாம் பொறுக்கி குழி தோண்டி புதைச்சாங்க. கவிதா மேடம் சொன்ன மாதிரி ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு சாப்பாடுதான், ஆனா வலசைப் பசியில கண்ணுக்கு புழுன்னு பட்டா அது நல்லதா கெட்டதான்னு பறவைக்கு எப்படி தெரியும்? உங்க குளத்துல நாலஞ்சு பறவை சேந்தாப்ல செத்துக் கிடந்தா தயவு செஞ்சு அன்னைக்கே வனத்துறைக்கு சொல்லிருங்க, கையால தொடாதீங்க.

மதகடி
எங்க ஊர் ஏரியில முன்னெல்லாம் ஏப்ரல்ல பொரி உள்ளான் கரை பூரா நிக்கும், மூணு பக்கமும் ஜேசிபி விட்டு தோண்டுன அடுத்த வருஷம் போனேன், நீர்க்காகமும் கூழைக்கடாவும்தான் இருந்துச்சு. என் கதை அவ்ளோதான். இப்ப எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. தூர் வாரக்கூடாதுன்னு நான் சொல்லல, நானும் விவசாயி, வண்டல் எங்க வயலுக்கும் வேணும். ஆனா கரை ஓரத்தை செங்குத்தா வெட்டாதீங்க, சரிவா விடுங்க. கொசு உள்ளான் காலு எவ்ளோ நீளம்? ரெண்டு விரக்கடை தண்ணிக்கு மேல போனா அது நிக்கவே முடியாது. சரிவு இருந்தா தண்ணி வத்த வத்த தெனமும் ஒரு புது கீத்து ஈரச் சேறு வெளிய வரும், அங்கதான் அதுங்க மேயும். பெட்டி மாதிரி வெட்டுனா ஒரு நாள் முழு தண்ணி, இன்னொரு நாள் வெடிச்ச களிமண், நடுவுல ஒண்ணுமே கெடையாது. புழு இருக்கறது பெரும்பாலும் மேல் சேத்துல நாலஞ்சு விரக்கடைக்குள்ள, அதை மொத்தமா வாரிட்டா அந்த வருஷம் பறவை எதைத் திங்கும்? ஒரு பக்கம் இந்த வருஷம், மறு பக்கம் அடுத்த வருஷம்னு பிரிச்சு எடுங்க. அப்புறம் மீன் குத்தகை, சாதா கெண்டை அடிச்சேத்த கிளறி இதே புழுவத்தான் திங்கும், அதை அளவா விடச் சொல்லுங்க. போட்டோ எடுக்கறவங்க சேத்துல இறங்கி நடக்காதீங்க, நீங்க ஒரு தடவ கெளப்பி விட்டா அது காலையில இருந்து தின்னு சேத்தது அந்த பறக்கறதுலயே செலவாகும். நாயையும் கூட்டிட்டு போகாதீங்க. பிசானம் தம்பி, நெல்லு நெல்லுங்கறீங்களே, அறுத்த உடனே தண்ணிய வடிச்சு உழுதுட்டா அந்த நெல்லும் கெடைக்காது.

பிசானம்
மதகடி அண்ணாச்சி, நாங்க வடிக்கல, வாய்க்கால்ல தண்ணிய நிறுத்திட்டா தானா காயுது. அதுக்கு வெவசாயி என்ன செய்வான்?

நொய்யல்கரையான்
அண்ணா ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. கவிதா அக்கா, அந்த கால் நடுக்கம் வெறும் ஈரச் சேத்துலயா, இல்ல மேல தண்ணி நின்ன எடத்துலயா? நான் பாக்கற எடத்துல ரெண்டுமே இருக்கு, எங்க உக்காரறதுன்னு கேக்கறேன்.

சிங்காநல்லூர் கவிதா
தண்ணி பளபளன்னு தெரியும் ஆனா ஆழம் இருக்காது, அந்த ஓரம்ங்க. வெயில் முதுகுக்குப் பின்னாடி வர்ற மாதிரி காலையிலயே போய் உக்காந்துருங்க, அதுவா மேஞ்சிட்டே உங்ககிட்ட வரும்.