பேக்லாஷ்: பின்னடிப்பா, பல்லாட்டமா, வேறு சொல்லா?

முதல் மடல்

குழுவினருக்கு வணக்கம்.

ஒன்றிரண்டு வண்டி சொந்தமாக வைத்து ஓட்டுபவர்களுக்கான பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பின் ஆக்சில் பற்றிய அத்தியாயத்துக்குத் தலைப்பு 'கிரவுன் பினியனை நீங்களே மாற்றலாமா?'. கிரவுன் (பின் ஆக்சிலின் பெரிய பற்சக்கரம்), பினியன் (அதைக் கவ்விச் சுற்றும் சின்னது) இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன். நாமக்கல் பட்டறைத் தெருவில் போய் மகுடப் பற்சக்கரம் கேட்டால் நகைக்கடைக்கு வழி காட்டுவார்கள். வளைவில் இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலிலும் கை வைக்கவில்லை. வகையீடு என்ற சொல்லைக் கணக்கு வாத்தியார்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.

மாட்டிக்கொண்டது பேக்லாஷில். கிரவுனைப் பிடித்து நிறுத்திக்கொண்டு பினியனைக் கையால் அசைத்தால் ஒரு மயிரிழை அசைந்து 'டக்' என்று நிற்குமே, அந்த அசைவு. முதலில் 'பின்னடிப்பு' என்று எழுதினேன். வீட்டில் படித்துக் காட்டியபோது, ரிவர்ஸில் போய் இடிப்பதா என்று கேட்டார்கள். இப்போது 'பல்லாட்டம்' என்று மாற்றியிருக்கிறேன். மெக்கானிக்குகளும் 'ஆட்டம் இருக்கு' என்றுதானே சொல்கிறார்கள்? மறுப்பு இல்லையென்றால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் மடல்

தம்பிக்கு,

மறுப்பு இருக்குதுங்க. பல் ஆடினால் பிடுங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அங்கேதான் உங்கள் சொல் ஆளைக் கவிழ்க்கும்.

பட்டறையில் ஆட்டம் என்றால் கோளாறு. ஹப் பேரிங்கில் ஆட்டம், கிங் பின்னில் ஆட்டம், ஸ்டியரிங்கில் ஆட்டம். எல்லாமே கேட்டவுடன் ஸ்பேனரை எடுத்து இறுக்க வேண்டியவை. பேக்லாஷ் அப்படியல்ல. அது இருந்தே ஆக வேண்டும், அளவோடு இருக்க வேண்டும். பிக்கப் அளவிலான வண்டிகளில் பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மி.மீ. வரை, கனரக லாரி ஆக்சில்களில் இன்னும் கூடுதலாகவும் விடுவார்கள். சில செட்டுகளில் அந்த ஜோடிக்குரிய அளவைக் கிரவுன் மேலேயே பொறித்திருப்பார்கள். அப்படி இருந்தால் அதுதான் கணக்கு.

'ஆட்டத்தை எடுக்கிற' வேலையை நானே செய்து கெட்டவன், அதனால்தான் சொல்கிறேன். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்த காலம். கூடவே ஒரு பழைய லாரியும் ஓடிக்கொண்டிருந்தது. கிரவுன் பல் தேய்ந்துபோனது. பத்து தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) பிசகாமல் கடைகிற கைக்கு இது என்ன பெரிய வேலை என்று நானே புது செட் வாங்கி மாட்டினேன். பினியனை அசைத்துப் பார்த்தால் ஆடியது. புதுச் சாமான் ஆடலாமா என்று கிரவுனைப் பினியனோடு நெருக்கி, அசைவே இல்லாமல் வைத்தேன். மயிரிழை அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் மேசை டிராயரில்தான் இருந்தது, எடுக்கவில்லை. வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் ஊளையிட ஆரம்பித்தது. திரும்பி வந்து ஆக்சிலின் கூடான ஹவுசிங்கைத் தொட்டால் கை வெந்தது. பிரித்துப் பார்த்தபோது பற்களின் முகம் நீலம் பூத்து, வரிவரியாக உரிந்திருந்தது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஆயில் படலம் நிற்க இடமில்லை, சூடேறி விரியும் இரும்புக்கும் இடமில்லை. வேறு என்ன ஆகும்?

ஆக, நமக்கு வேண்டிய சொல் 'கோளாறு' என்ற வாடை அடிக்காத சொல். வேண்டுமென்றே விடுவது என்று அதைப் படித்தவுடனே தெரிய வேண்டும். ஆசாரிகள் கதவு மாட்டும்போது 'அரை நூல் விட்டுப் போடு' என்பார்களே, அந்த 'விடு' இதில் வந்தால் நல்லது. 'பல்விடுப்பு' எப்படி?

(ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. நாம் பேசும் 0.25 மி.மீ. அந்த நூலில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. கண்ணும் கையும் மட்டும் போதாது என்பதற்காகச் சொன்னேன்.)

மூன்றாம் மடல்

ஐயா, உங்கடை மடலை வாசிச்சுச் சிரிச்சு முடியேல்லை. யாழ்ப்பாணத்திலை விடுப்பு எண்டால் ஊர்வம்பு. 'விடுப்புப் பாக்க வந்தவன்' எண்டால் அடுத்த வீட்டுச் சங்கதி அறிய வேலிக்கு மேலாலை எட்டிப் பாக்கிறவன். பற்சில்லுகள் தங்களுக்குள்ளை விடுப்புக் கதைக்கினம் எண்டு எங்கடை ஆக்கள் விளங்கிக்கொள்ளுவினம். உங்கடை பக்கம் அது லீவு எண்டும் அறிவன். ரெண்டு நாட்டிலையும் பிழைக்கிற சொல் வேண்டாம்.

நான் ரொறன்ரோவிலை ஒரு கராஜிலை வேலை செய்யிறன். இங்கை பிக்கப் வைச்சிருக்கிற ஆக்கள் பெரிய ரயர் போட்ட பிறகு இழுவை காணாது எண்டு 3.73 செட்டைக் கழட்டி 4.10 போடச் சொல்லி வருவினம். கிரவுனிலை 41 பல்லும் பினியனிலை 11 பல்லும் இருந்தால் விகிதம் 3.73, 41க்கு 10 எண்டால் 4.10. பினியனிலை ஒரே ஒரு பல்லுத்தான் வித்தியாசம். அதாலை 'ஒரு சாமான்தானே, வீட்டிலையே மாத்தலாம்' எண்டு நினைச்சுத் துவங்கிப்போட்டு, பாதியிலை பெட்டியோடை கொண்டுவருவினம். நாலு சில்லிலையும் இழுக்கிற வண்டி எண்டால் முன்னுக்கும் அதே விகிதம் மாத்த வேணும். அதை மறந்து வந்தவையும் உண்டு.

'பல்லிடைவெளி' எண்டு ஆரும் எழுத முந்திச் சொல்லிப்போடுறன், அதுவும் சரிவராது. ஒரே சில்லிலை பக்கத்துப் பக்கத்துப் பல்லு ரெண்டுக்கும் நடுவிலை இருக்கிற பள்ளத்துக்கு அந்தப் பேர் வேணும். இது வேறை. ரெண்டு சில்லு கவ்வேக்கை மிஞ்சுற இடம். கவ்வேக்கை மிஞ்சுற இடை. 'கவ்விடை' எண்டு வைச்சால் என்ன?

நான்காம் மடல்

கவ்விடை பிடித்திருக்கிறது. முதல் மடலை எழுதியவன் என்ற முறையில் பல்லாட்டத்தைத் திரும்பப் பெறுகிறேன். பின்னடிப்பை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆங்கிலச் சொல்லை இரண்டாக உடைத்து ஒவ்வொரு துண்டுக்கும் தமிழ் போட்டேனே தவிர, பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

கவ்விடை வந்ததும் மற்றவை தானாக வரிசையில் நின்றன. பினியன் கிரவுனுக்குள் எவ்வளவு இறங்கி நிற்கிறது என்பது கவ்வாழம். பல்லில் மசி தடவிச் சுற்றினால் பதியும் அடையாளம் கவ்வுத்தடம். பேரிங்கை ஓடும் முன்பே அளவோடு இறுக்கி வைக்கும் ப்ரீலோடுக்கு 'முன்சுமை' என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன். அதில் யாரும் சுமை ஏற்றவில்லை என்பதால் 'முன்னிறுக்கம்' என்று மாற்றினேன்.

அத்தியாயத்தின் நடுப்பகுதியை ஒட்டுகிறேன். சொற்கள் வண்டியில் ஏறி ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

'கிரவுனும் பினியனும் ஜோடியாக உராய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றும் முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டி எடுக்கும்போது மட்டும் "டங்" என்று இடித்தால் முதலில் பின் ஆக்சிலுக்கு வரும் தண்டின் மூட்டிலுள்ள ஜாயிண்ட் கிராஸைப் பாருங்கள். கிரவுனைப் பிரித்த பிறகு கிராஸ்தான் காரணம் என்று கண்டவர்கள் ஏராளம்.

புதுக் கிரவுனைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். கொதிக்காத வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் விரிந்து தானாக உட்காரும். டயல் கேஜின் முள்ளைக் கிரவுன் பல்லுக்குச் செங்குத்தாக வைத்து, பினியன் அசையாமல் பிடித்து, கிரவுனை முன்னும் பின்னும் அசையுங்கள். முள் ஓடும் தூரமே கவ்விடை. சுற்றிலும் நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். கவ்விடை குறைவாக இருந்தால் கிரவுனைப் பினியனிலிருந்து விலக்குங்கள், அதிகமாக இருந்தால் நெருக்குங்கள். கவ்விடை சரியாக அமைந்தும் கவ்வுத்தடம் பல்லின் உச்சியிலோ அடியிலோ ஒதுங்கி நின்றால் பிழை கவ்வாழத்தில் இருக்கிறது. பினியனின் ஷிம்மை (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) மாற்றி, மறுபடி கவ்விடையிலிருந்து தொடங்குங்கள்.'

தலைப்புக் கேள்விக்கு மூல நூல் 'அனுபவம் இருந்தால் செய்யலாம்' என்று ஒரே வரியில் நழுவுகிறது. ஐயா என்ன சொல்வார்?

ஐந்தாம் மடல்

தம்பி, மூல நூல்காரர் நழுவினால் நாமும் நழுவ வேண்டுமா? நேராகவே எழுதுங்கள். உங்களிடம் டயல் கேஜ் இருந்து, அதை டிராயரில் பூட்டாமல் வெளியே எடுக்கிற பொறுமையும் இருந்தால் தொடங்கலாம். ஒரே அமர்வில் முடியும் வேலை என்று எண்ணிக்கொண்டு தொடங்கக் கூடாது. நாலைந்து முறை மாட்டிக் கழற்றத்தான் வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். பெரிய லாரியில்தான் இந்த வேலை கடினம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலான லாரிகளில் இரண்டு ஆக்சில் ஷாஃப்டையும் உருவிவிட்டால், கிரவுன், பினியன் எல்லாம் ஒரே கேரியராக ஹவுசிங்கின் முன்பக்கமாகக் கழன்று வரும். நூறு கிலோவுக்கு மேல் இருக்கும், ஜாக் இல்லாமல் இறக்கவே கூடாது. இறக்கிய பிறகு மேசை மேல் வைத்து நிதானமாக அளக்கலாம். கேரியரின் இரண்டு பக்கமும் மரை வளையங்கள் இருக்கும். ஒரு பக்க வளையத்தை அதன் விளிம்பில் எத்தனை பல் தளர்த்துகிறோமோ அத்தனை பல் மறுபக்க வளையத்தை இறுக்கினால் பேரிங்கின் முன்னிறுக்கம் மாறாமல் கவ்விடை மட்டும் மாறும். ஹவுசிங்கும் கேரியரும் ஒரே வார்ப்பாக இருக்கிற சின்ன வண்டிகளில் இந்த வசதி கிடையாது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஷிம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

அதனால் லாரிக்காரர் கழற்றுவதையும் மாட்டுவதையும் தானே செய்துவிட்டு, கேரியரை மட்டும் செட்டிங் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கூலியில் பெரும்பகுதி மிச்சம், பல்லும் பிழைக்கும். என் லாரிக்கு இரண்டாவது செட் வாங்கியபோது நான் அப்படித்தான் செய்தேன். பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே தள்ளி நிற்கிற ஹைப்பாய்டு வகையாக இருந்தால் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்யும். அதற்கு ஜிஎல்-5 என்ற தரக்குறி உள்ள கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கடையில் '90 ஆயில்' என்று மட்டும் கேட்டால் எதையாவது கொடுத்துவிடுவார்கள். இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

சொல்லைப் பற்றி ஒரு ஐயம். கவ்வு + இடை, கவ்விடை ஆகுமா? 'வு' குற்றியலுகரம் இல்லையே, கெடாமல் நிற்க வேண்டாமா?

ஆறாம் மடல்

முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது. கதவு + அழகு கதவழகு ஆவது போலக் கவ்விடை. கவ்வாழமும் அப்படியே. கவ்வுத்தடத்தில் ஒற்று இட்டது கவ்வு என்பதைப் பெயராகக் கொண்டதால். வினைத்தொகை என்று வாதிடுபவர்கள் கவ்வுதடம் என்று எழுதட்டும், வண்டி நிற்காது.

முடியாதது ஒன்று இருக்கிறது. கிரவுன் பல்லின் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் ஆங்கிலத்தில் கால்விரல், குதிகால் என்று பேர். கவ்வுத்தடம் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று சொல்ல இரண்டும் தேவை. பல்லுக்குக் கால் முளைக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. உள்முனை, வெளிமுனை என்றே விடட்டுமா?

ஏழாம் மடல்

விடுங்கோ. எங்கடை கராஜிலை புதுசா வந்த தமிழ்ப் பெடியன் ஒராள் விரல் எது, குதி எது எண்டு இண்டைக்கும் மாறிப் பிடிச்சு, தடத்தைத் தலைகீழா வாசிச்சவன். உள்முனை, வெளிமுனை எண்டால் அவனுக்கும் பிழைக்காது. கவ்விடை எண்ட சொல்லை மத்தியானம் அவனுக்குச் சொல்லிப் பாத்தன். விளக்கம் கேக்கேல்லை. 'எத்தினை வைக்க?' எண்டு மட்டும் கேட்டான்.