எந்தத் தன்வரலாற்றை நம்பிக் கொடுக்கலாம்?

நண்பர்களே, ஓர் உதவி. அடையாற்றில் என் வீட்டில் தங்கிப் படிக்கும் அக்கா மகனுக்கு 16 வயது. டென்னிஸ் என்றால் உயிர். அவனுக்கு வாசிக்கத் தரத் தன்வரலாறுகளைத் தேடுகிறேன்.

முதலில் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2000இல் எழுதியதைக் கொடுத்தேன். புற்றுநோயிலிருந்து மீண்டு சைக்கிள் பந்தயத்தில் வென்ற கதை. இரண்டே நாளில் முடித்துவிட்டு, “சித்தி, ஊக்கமருந்து எடுத்ததை இவரே 2013இல் ஒப்புக்கொண்டாரே, பிறகு இதை எப்படி நம்புவது?” என்றான். பதில் தெரியாமல் காபி போடப் போய்விட்டேன்.

டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாஸியின் ‘ஓப்பன்’ அவனுக்குப் பிடித்திருக்கிறது. போதைப்பொருள் பயன்படுத்தியதையும், அதை மறைக்கப் பொய் சொன்னதையும் அவரே சொல்கிறார். (எழுத உதவியவர் ஒரு பத்திரிகையாளர் என்பது வேறு கதை.) அடுத்து நம் ஊர் விஸ்வநாதன் ஆனந்தின் ‘மைண்ட் மாஸ்டர்’ காத்திருக்கிறது.

தமிழில் எனக்கு உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ போதும். அவனுக்கு அந்தப் பொறுமை இல்லை. கண்ணதாசனின் ‘வனவாசம்’ ஒளிவுமறைவில்லாதது, ஆனால் இந்த வயதுக்கு வேண்டாம்.

தோற்றதையும் தவறியதையும் மறைக்காத விளையாட்டு வீரர்களின் நூல்கள் தெரிந்தால் சொல்லுங்கள். தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. சனிக்கிழமை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போகிறேன். அதற்குள் சொன்னால் தேடிப் பார்ப்பேன்.