வயர் திரும்பத் திரும்பக் கணையநாளத்துக்குள் போகிறது, அடுத்து எந்த வழி?

கற்றுக்கொள்பவன்:
எல்லோருக்கும் வணக்கம். இ.ஆர்.சி.பி. (வாய் வழியாக எண்டோஸ்கோப்பைச் சிறுகுடல் வரை விட்டு பித்தநாளத்துக்குள் நுழையும் செயல்முறை) கற்றுக்கொண்டு வருகிறேன். பாப்பில்லா (பித்தநாளமும் கணையநாளமும் சிறுகுடலில் திறக்கும் சின்ன மேடு) நேராகக் கிடைத்து, வழிகாட்டும் மெல்லிய வயர் பித்தநாளத்துக்குள் மேலே ஏறிவிட்டால் பிரச்சினை இல்லை. வயர் கணையநாளத்துக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும் கேஸ்களில்தான் குழப்பம். எங்கள் யூனிட்டில் ஒரு சீனியர் அந்த வயரை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவது வயர் போடுவார், இன்னொருவர் அந்த வயர் மேலேயே ஸ்பிங்க்டரோடோமை (முனையில் வெட்டும் கம்பி உள்ள மெல்லிய குழாய்) ஏற்றி வெட்டுவார், மூன்றாமவர் நீடில் நைஃபை (ஊசிமுனைக் கத்தி) கேட்பார். மூன்று பேருக்கும் நன்றாகவே வருகிறது. ஆனால் எதைப் பார்த்து எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது பக்கத்தில் நின்று பார்க்கிற எனக்குப் பிடிபடவில்லை. இதில் இ.யூ.எஸ். (எண்டோஸ்கோப் முனையில் உள்ள அல்ட்ராசவுண்ட்) வழி எந்த இடத்தில் வருகிறது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய டுவோடினோஸ்கோப்:
நல்ல கேள்வி. எந்தக் கருவி என்பதற்கு முன்னால் எப்போது மாறுவது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள், இந்தச் செயல்முறையால் வரும் கணைய அழற்சியில் பாதி அங்கேதான் இருக்கிறது. ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கம் 2016 வழிகாட்டலில் கடினமான கேனுலேஷனுக்கு (நாளத்துக்குள் நுழைவதற்கு) ஒரு வரையறை கொடுத்தது: பாப்பில்லாவை 5 தடவைக்கு மேல் தொட்டிருந்தால், அல்லது பாப்பில்லாவைப் பார்த்த பிறகு 5 நிமிடத்துக்கு மேல் முயன்றுகொண்டிருந்தால், அல்லது ஒரு தடவைக்கு மேல் கணையநாளத்துக்குள் தவறிப் போயிருந்தால். இதில் ஏதாவது ஒன்று நடந்தாலே போதும், அது கடினமான கேஸ்தான், வழியை மாற்றுங்கள். “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று அரை மணி நேரம் குத்திக்கொண்டிருந்தால் பாப்பில்லா வீங்கிவிடும், அதற்கப்புறம் எந்த முறைக்கு மாறினாலும் திறப்பே தெரியாது. பிரீகட் (நாளத்துக்குள் நுழையும் முன்பே பாப்பில்லாவை வெட்டித் திறப்பது) ஆபத்தானது என்று முன்பு வந்த பெயரில் பெரும் பங்கு கத்தியால் வந்ததல்ல, நெடுநேரம் முயன்று தோற்ற பிறகு கடைசியில் கத்தியை எடுத்ததால் வந்தது. பிரீகட்டை ஆரம்பத்திலேயே செய்தவர்களை நீண்ட முயற்சியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் அழற்சி கூடவில்லை, பழகிய கைகளில் குறையவும் செய்தது.

இனி தேர்வு. இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: வயர் இப்போது எங்கே இருக்கிறது, பாப்பில்லாவின் வடிவம் என்ன.

வயர் ஏற்கெனவே கணையநாளத்தில் இருந்தால் அதை உருவி எறியாதீர்கள். அது திறப்பை நேராக்கிப் பிடித்திருக்கிறது, கணைய வழியை அடைத்தும் வைத்திருக்கிறது. அதன் பக்கத்திலேயே, திரையில் கடிகாரத்தின் 11 மணி திசையில், இரண்டாவது வயரோடு முயல்வதுதான் இரட்டை வயர் முறை. எதையும் வெட்ட வேண்டாம், புதிதாக ஒரு திறமையும் வேண்டாம், அதனால் பயிற்சியில் இருப்பவர் முதலில் பழகுவது பெரும்பாலும் இதுதான். பாப்பில்லா புடைத்து, டுவோடினத்துக்குள் (சிறுகுடலின் முதல் பகுதி) நன்றாக மேடு தட்டியிருந்தால், அல்லது வாயிலேயே கல் மாட்டியிருந்தால், நீடில் நைஃப் ஃபிஸ்டுலாடமி அருமையான வழி. திறப்பைத் தொடாமல் அதற்கு மேலே மேட்டிலேயே வெட்டி இறங்குகிறோம், கணைய வாய் சூடுபடுவதில்லை. ஆனால் சின்னதாக, தட்டையாக இருக்கிற பாப்பில்லாவில் அதே கத்தியை எடுக்காதீர்கள். வெட்டுவதற்கு அங்கே தசையே இல்லை, நேரே துளை விழும்.

கணையப் பக்கம்:
மேலே சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. இரட்டை வயரை இவ்வளவு சாதுவான முறையாகக் காட்ட வேண்டாம். கணைய வயர் முறையை, அதாவது இதே இரட்டை வயரை, மற்ற முறைகளோடு ஒப்பிட்ட 2016 காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பாய்வில் அழற்சி கூடுதலாகவே இருந்தது, வெற்றி விகிதம் கூடவும் இல்லை. வெட்டவில்லை என்பதால் பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறோம், ஆனால் கணையநாளத்துக்குள் ஒரு வயர் உட்கார்ந்திருக்கும்போது அதன் பக்கவாட்டிலேயே இன்னொன்றைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம், வழி தவறினால் அதுவும் கணையத்துக்குள்தான் போகிறது.

வயர் கணையத்தில் இருந்து, பாப்பில்லாவும் சிறிதாக இருந்தால், நான் ஒரே ஒரு முயற்சி செய்துவிட்டு டிரான்ஸ்பாங்கிரியாட்டிக் வெட்டுக்குப் போய்விடுவேன். 1995இல் காஃப் என்ற மருத்துவர் விவரித்த முறை. கணைய வயரின் மேல் சாதாரண ஸ்பிங்க்டரோடோமை ஏற்றி, 11 மணி நோக்கி, இரண்டு நாளங்களுக்கும் நடுவில் இருக்கும் தடுப்பை வெட்டுகிறோம். வயர் பிடித்திருப்பதால் கத்தி எங்கே போகிறது என்ற பயம் குறைவு, நீடில் நைஃபை விடக் கற்பதும் எளிது. ஸ்காண்டிநேவிய மருத்துவமனைகள் சேர்ந்து இதையும் இரட்டை வயரையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது பித்தநாளம் கிடைத்தது இதில்தான் அதிகம், அழற்சி ஏறக்குறைய சமம்.

எந்த முறையானாலும் இரண்டை மறக்காதீர்கள். தடை எதுவும் இல்லையென்றால் செயல்முறைக்குச் சற்று முன்பே 100 மி.கி. டைக்ளோஃபெனாக் அல்லது இண்டோமெதசின் ஆசனவாய் வழியாகப் போயிருக்க வேண்டும். கணையநாளத்துக்குள் வயர் போயிருந்தால், வெளியே வரும்முன் அதே வயரின் மேல் ஒரு சின்ன கணைய ஸ்டென்ட் (நாளத்தைத் திறந்துவைக்கும் குழாய்). அந்த வயரை உருவிவிட்டு ஸ்டென்டுக்காகத் திரும்ப நுழைவது பெரிய வேதனை, முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

வயர் பிடிப்பவர்:
நான் டாக்டர் இல்லை, இ.ஆர்.சி.பி. அறையில் உதவியாளர். சார்மார் சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கஷ்டமான கேஸ் என்று சொல்லப்படும் பல கேஸ்கள் ஸ்கோப்பின் நிலை சரியில்லாததால் கஷ்டமானவை. பாப்பில்லா திரையின் நடுவில், கொஞ்சம் கீழிருந்து பார்க்கிற மாதிரி வரட்டும். ஸ்பிங்க்டரோடோமின் முனையை லேசாக வில்லாக வளைத்து 11 மணிக்கு வைத்துக்கொண்டு, வயரைச் சிறுகச் சிறுக விடுங்கள். தடை தட்டினால் தள்ளக் கூடாது, ஒரு நூல் பின்னால் இழுத்துத் திருப்பி விட வேண்டும். கான்ட்ராஸ்டை (எக்ஸ்ரேயில் நாளத்தைக் காட்டும் மருந்து) முதலில் அடிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், வயரை முதலில் விடும் முறையில் அழற்சி குறைவு என்பது நிலைபெற்ற விஷயம். எக்ஸ்ரேயில் வயர் முதுகெலும்பைக் குறுக்கே தாண்டினால் கணையம், கல்லீரலை நோக்கி மேலே ஏறினால் பித்தம், தெரிந்துகொள்ள கான்ட்ராஸ்டே வேண்டியதில்லை.

அப்புறம், வயரை யார் நகர்த்துவது? எண்டோஸ்கோபிஸ்ட்டே நகர்த்தினால் அழற்சி குறைகிறது என்று ஒரு ரேண்டமைஸ்டு ஆய்வு காட்டியிருக்கிறது. உதவியாளராக எனக்கும் அதில் சம்மதம்தான். முனையில் வருகிற அந்த நுண்ணிய தடையை உணர்கிற கையும் ஸ்கோப்பைத் திருப்புகிற கையும் ஒருவருடையதாக இருந்தால் நல்லது. நாங்கள் நகர்த்தும் இடங்களில் “நிறுத்து” என்ற வார்த்தை உடனே வர வேண்டும், மௌனமாக இருந்தால் நாங்கள் தள்ளிக்கொண்டே இருப்போம்.

ஊசி வழி:
இ.யூ.எஸ். பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலே உள்ள எல்லாம் தோற்றால் என்ற இடத்தில்தான் பல வருடம் இருந்தது, இப்போது சில நோயாளிகளுக்கு அது முன்னால் நகர்ந்துவிட்டது. கல் மாதிரியான தீங்கற்ற காரணம் என்றால் ரான்டெவூ: இ.யூ.எஸ். ஊசியால் நாளத்தைக் குத்தி வயரைப் பாப்பில்லா வழியாகக் கீழே டுவோடினத்துக்குள் இறக்கி, பிறகு டுவோடினோஸ்கோப்பை மாற்றி அந்த வயரைப் பிடித்து வழக்கம்போல் முடிப்பது. பாப்பில்லா வழியே அப்படியே இருக்கும், நிரந்தரமாகப் புதுத் துளை எதுவும் வேண்டாம். வயரை வளைத்து இறக்குவதுதான் கஷ்டம், பாதி வழியில் கல்லீரல் பக்கம் திரும்பிவிடும்.

கணையத் தலையில் புற்றுநோய், நாளம் நன்றாக விரிந்திருக்கிறது என்றால் டுவோடினத்திலிருந்து நேராக நாளத்துக்குள் லேம்ஸ் ஸ்டென்ட் (இரண்டு சுவர்களையும் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குழாய்). 2023இல் வந்த இரண்டு ரேண்டமைஸ்டு ஆய்வுகளில் முதல் முயற்சியாகவே இதை இ.ஆர்.சி.பி.யோடு ஒப்பிட்டார்கள், ஸ்டென்ட் அடைபடுவதில் ஒரு வருட அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. இதில் பாப்பில்லாவையே தொடுவதில்லை. ஆனால் விரியாத நாளத்தில் இதைச் செய்யவே கூடாது.

இன்னொன்று, அவசரம் இல்லாத நோயாளியில் பிரீகட் செய்தும் நாளம் கிடைக்கவில்லை என்றால் நிறுத்துங்கள். வீக்கம் வடிந்தபின் 2 முதல் 4 நாளில் மறுபடி போனால் பெரும்பாலானவர்களுக்கு வழி தெளிவாகத் தெரியும். சீழ் பிடித்த பித்தநாள அழற்சியோடு வந்தவருக்கு இந்தப் பொறுமை கிடையாது, அங்கே இ.யூ.எஸ். கையில் இல்லையென்றால் தோல் வழியாக வடிகால் வைக்க அன்றே ரேடியாலஜியைக் கூப்பிட வேண்டும்.

கற்றுக்கொள்பவன்:
மிக்க நன்றி, எங்கள் சீனியர்கள் மூன்று பேரும் மூன்று விதமான பாப்பில்லாக்களில் அதைச் செய்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது, இனி அதைக் கவனிக்கிறேன். கணைய ஸ்டென்ட் பற்றி ஒரு சின்ன சந்தேகம்: என்ன அளவு, எப்போது எடுப்பது?

கணையப் பக்கம்:
5 ஃபிரெஞ்ச் (விட்டம் ஏறக்குறைய 1.7 மி.மீ.), குட்டையானது, உள்பக்கம் கொக்கி இல்லாதது. பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். 5 முதல் 10 நாளுக்குள் ஒரு வயிற்று எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், இன்னும் அங்கேயே இருந்தால் எண்டோஸ்கோப் போட்டு எடுத்துவிட வேண்டும். நோயாளி வீட்டுக்குப் போகும்போதே அந்த எக்ஸ்ரே தேதியை டிஸ்சார்ஜ் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.