கலைச்சொல்: இங்கிலாந்தின் 'பாரிஷ்' பங்கா, சேகரமா, கோயிற்பற்றா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இங்கிலாந்து ஊர்களின் வரலாற்றைத் தமிழில் எழுத உட்கார்ந்து மூன்று வாரமாகிறது. ஒரு கிறித்தவக் கோயிலின் பொறுப்பில் உள்ள பகுதியைக் குறிக்கும் 'பாரிஷ்' என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. 'பங்கு' சரியாக வரவில்லை என்று போன மடலில் எழுதியிருந்தேன். அதற்கு ஐயா கேட்டிருந்தார்:

> பங்கு, பங்குத்தந்தை என்று மக்கள் நாவில் புழங்கும் சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

நியாயமான கேள்விதான். கத்தோலிக்கப் பங்கைப் பற்றி எழுதினால் நானும் அந்தச் சொல்லைத்தான் எடுப்பேன். "நீங்க எந்தப் பங்கு?" என்று தூத்துக்குடியில் கேட்டால், எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்று பொருள். நம் மனத்தில் முதலில் வருவது அந்தக் கோயிலின் மக்கள். இங்கிலாந்தில் பாரிஷ் என்றால் முதலில் நிலம். எல்லைக்கல்லுக்கு உள்ளே குடியிருப்பவர் வழிபாட்டுக்கு வந்தாலும் வராவிட்டாலும் அதற்குக் கட்டுப்பட்டவர்.

எவ்வளவு கட்டுப்பட்டவர் என்று பாருங்கள். 1555ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு நான்கு நாள் பாதை செப்பனிடப் போக வேண்டும். 1601ஆம் ஆண்டு ஏழையர் சட்டப்படி உள்ளூர் ஏழைகளுக்காக வரி கட்ட வேண்டும். 1662இல் வந்த குடியிருப்புரிமைச் சட்டம் இன்னும் கடுமை: பிழைப்புக்கு வழியில்லாமல் போகக்கூடும் என்று தோன்றுகிற வெளியூராரை அவருடைய சொந்தப் பாரிஷுக்கே திருப்பி அனுப்பலாம். மணமாகாத தாய்க்குப் பிறக்கும் குழந்தை, பிறந்த இடத்துப் பாரிஷின் பொறுப்பு. அதனால் நிறைமாதக் கர்ப்பிணியை, வலி எடுப்பதற்குள் எல்லைக்கு அந்தப்புறம் விரட்டிய கொடுமையும் நடந்திருக்கிறது. அந்தப் பெண் கடந்த கோட்டைப் 'பங்கு' என்ற சொல் எனக்குக் காட்டவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'பங்குப் பதிவேடு' என்று எழுதினால் இன்றைய வாசகர் பங்குச் சந்தைக்குப் போய்விடுவார்.

'சேகரம்' நெல்லைப் பக்கம் நன்றாக வேரூன்றிய சொல். ஆனால் அது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள பல சபைகளின் தொகுப்பு. இங்கே பொருந்தாது.

என் பரிந்துரை: கோயிற்பற்று.

இதை நான் உருவாக்கவில்லை. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த பிறகு குடாநாட்டைக் கோயில்வாரியாகப் பிரித்தார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தரும் (டச்சுக்காரர்) அந்தப் பிரிவுகளையே வைத்துக்கொண்டார்கள். அவற்றுக்கு வழங்கிய பெயர்தான் கோயிற்பற்று. மட்டக்களப்பில் மண்முனைப்பற்று, கோறளைப்பற்று என்று 'பற்று' இன்றும் நிலப்பிரிவின் பெயராகவே நிற்கிறது. கோயில், அதைச் சுற்றிய நிலம் இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன.

இதிலிருந்து கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. பாரிஷின் தலைமைக் கோயில் 'பற்றுக்கோயில்'. தொலைவில் இருப்பவர்களுக்காகக் கட்டியது 'துணைக்கோயில்'. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டுத் தொடங்கிய திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகள் 'கோயிற்பற்றுப் பதிவேடு'. அந்த ஏட்டை வைக்க இரண்டு பூட்டுள்ள பெட்டி வேண்டும், ஒரு சாவி குருவிடம், மற்றது கோயில் மணியகாரரிடம் என்று ஆணையே சொல்கிறது. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து திறந்தால்தான் அந்த வாரத்துத் திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் ஏடேறும். பெட்டிக்குப் 'பற்றுப்பேழை' என்று பெயர் வைக்க ஆசை. ஆனால் கணக்கில் பற்று என்றால் கடன் பக்கம். பங்கின் மேல் சொன்ன அதே குற்றம் என் சொல்லுக்கும் வருகிறது. ஆகவே 'கோயிற்பற்றுப் பேழை' என்று முழுதாகவே எழுதுவோம்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இயேசு விண்ணேற்ற விழாவுக்கு முந்தைய நாள்களில் குருவும் ஊராரும் வில்லோ மரக் குச்சிகளோடு பாரிஷின் எல்லையைச் சுற்றி நடந்து கற்களைத் தட்டி வருவார்கள். வரைபடம் இல்லாத காலம். சிறுவர்கள் சாகும்வரை எல்லையை மறக்கக் கூடாது என்று அவர்களையே கல்லில் மோதுவதும் உண்டு. 'எல்லை அடித்தல்' என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார். தமிழில் அது வேலி அடிப்பதுபோல் ஒலிக்கிறது. எல்லையைச் சுற்றி நடந்து 'கல்லும் கள்ளியும் நாட்டி' ஊர் கொடுத்த செய்தி நம் செப்பேடுகளிலேயே இருக்கிறது. ஆகவே 'எல்லைவலம்' என்கிறேன்.

கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்

---

> கோயிற்பற்று எங்களுக்குப் புதுச்சொல் இல்லை. அப்பாவின்ர பழைய காணி உறுதியில ஊர்ப் பேருக்குப் பக்கத்தில அதுதான் கிடக்குது. ஆனா ஒரு கேள்வி அண்ணா. இப்ப இங்கிலாந்தில இருக்கிற பாரிஷ் கவுன்சிலுக்கும் கோயிலுக்கும் ஒரு தொடர்பும் இல்லையே. அதையும் கோயிற்பற்று எண்டே சொல்லுறதோ?

தம்பி, காணி உறுதியில் (நிலப் பத்திரத்தில்) பார்த்ததைச் சொன்னதற்கு மிக்க நன்றி. உயிரோடு இருக்கும் சொல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உங்கள் கேள்வி என் மடலில் விட்டுப்போனதைப் பிடித்திருக்கிறது. 1894ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் நாட்டுப்புறங்களில் தேர்தல் வைத்துப் பாரிஷ் மன்றங்களை உண்டாக்கியது. ஊர்ப் பொறுப்புகள் கோயிலின் கையைவிட்டு அவற்றுக்குப் போயின. இன்று கோயிலின் பாரிஷ் வேறு, ஆட்சியின் பாரிஷ் வேறு. எல்லைகளும் பல இடங்களில் ஒன்றாக இல்லை. பின்னதற்கு 'ஊர்ப்பற்று' என்று முதலில் நினைத்தேன். அது சொந்த ஊர்மேல் உள்ள அன்பாகிவிடுகிறது. 'ஊராட்சி' போதும். தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த சொல், வேலையும் ஏறக்குறைய அதுதான்.

ஆக, 1894க்கு முந்தையதை எழுதும்போது கோயிற்பற்று; பிந்தையதில் கோயிலுக்குக் கோயிற்பற்று, ஆட்சிக்கு ஊராட்சி. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "டார்பிஷயரில் உள்ள ஈம் கோயிற்பற்றில் 1665 செப்டம்பரில் கொள்ளைநோய் நுழைந்தது. மறு ஆண்டு குரு வில்லியம் மாம்பெசன் பற்றுக்கோயிலைப் பூட்டிவிட்டு வெட்டவெளியில் வழிபாடு நடத்தினார்." எனக்கு இடறவில்லை.

கோயிற்பற்றுக் குருவைக் குறிக்கும் ரெக்டர், விகார் இரண்டையும் இப்போதைக்கு அப்படியே எழுதுகிறேன். கோயிலுக்குச் செலுத்தும் பத்தில் ஒரு பாகத்தில், தானியத் தசமபாகம் யாருக்கு, சில்லறைத் தசமபாகம் யாருக்கு என்பதில் பிறந்த வேறுபாடு அது. அதற்குத் தனி இழை தொடங்குவோம்.