புதுப்பிப்பு: தேதி குழம்பிய படங்கள் சரியாகிவிட்டன

கேமராவில் வருடம் தவறாக இருந்ததால் டிஜிகாம் என்ற புகைப்பட மேலாண்மை மென்பொருளில் படங்கள் தாறுமாறாக வரிசையாகின்றன, ஒவ்வொன்றாகத் திருத்தாமல் வழி உண்டா என்று கேட்டிருந்தேன். படக் கோப்புக்குள் பதிவாகியிருக்கும் தேதி போன்ற விவரங்களைத் திருத்தும் எக்சிஃப்டூல் என்ற நிரல் கைகொடுத்தது. ஒரே கட்டளையில் கோப்புறை முழுவதும் நேரம் ஒரே அளவு நகர்ந்தது. முதல் முறை கூட்டுவதற்குப் பதில் கழித்துத் தொலைத்தேன்! நல்லவேளை, மாற்றும் முன் இருந்த கோப்பை அது பெயரில் ‘ஒரிஜினல்’ என்று சேர்த்துத் தனியே வைத்துவிடுகிறது. அதிலிருந்து மீட்டு மறுபடி ஓட்டினேன்.

அப்புறமும் டிஜிகாம் பழைய தேதியையே காட்டியது. அது தன் தரவுத்தளத்தில் இருப்பதைத்தான் காட்டும். படங்களைத் தேர்ந்தெடுத்து, கோப்பிலிருந்து மேல்தரவை (தேதி போன்ற அந்த விவரங்களை) மறுபடி படிக்கச் சொன்னதும் சரியானது. டிஜிகாமிலேயே நேரம் திருத்தும் கருவி இருப்பதை எல்லாம் முடிந்த பிறகுதான் கவனித்தேன்.