யூ-லைன்: ‘இனங்காணாக் கோடு’ என்று வைக்கலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

விண்மீனிடை வெளியின் கரிம மூலக்கூறுகள் பற்றிய இழையில் மற்ற ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்கள் ஏறக்குறைய முடிவாகிவிட்டன. யூ-லைன் (U-line, unidentified line) மட்டும்தான் இழுத்துக்கொண்டே போகிறது. ரேடியோ தொலைநோக்கியில் நிறமாலைக் கோடு, அதாவது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வரும் உமிழ்வு, பளிச்சென்று தெரிகிறது, எந்த மூலக்கூறு உமிழ்ந்தது என்றுதான் தெரியவில்லை. அதற்கு ‘மர்மக் கோடு’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். அது வேண்டாம் என்பது என் கருத்து.

ஓரியன், தனுசு பி2 என்ற விண்மீனிடை வாயு மேகங்களில் இத்தகைய கோடுகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அவற்றில் பல, நமக்கு ஏற்கெனவே தெரிந்த எத்தில் சயனைடு, மெத்தில் ஃபார்மேட் போன்றவற்றிலிருந்தே வருபவை. மூலக்கூறு அதிர்வு கூடிய நிலையில் இருந்தாலோ, ஒரு சாதாரண கார்பனுக்குப் பதில் சற்றே கனமான கார்பன்-13 இருந்தாலோ கோடுகள் இடம் மாறிவிடும். அந்த வடிவத்தை ஆய்வகத்தில் அளந்து பட்டியலில் ஏற்றும்வரை வானத்தில் தெரியும் கோட்டுக்குச் சொந்தக்காரர் கிடையாது. இதில் மர்மம் ஒன்றுமில்லை, அளவீடுதான் பாக்கி.

1970-இல் வானியலாளர்கள் பூலும் ஸ்னைடரும் 89.19 கிகாஹெர்ட்ஸில் ஒரு கோட்டைக் கண்டார்கள். அன்று தெரிந்த எந்த மூலக்கூறுக்கும் அது பொருந்தவில்லை. ‘எக்ஸோஜன்’ என்று தற்காலிகப் பெயர் வைத்தார்கள். ஒரு ஹைட்ரஜன், ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன் சேர்ந்த நேர்மின் அயனியாக இருக்கலாம் என்று அதே ஆண்டில் வேதியியலாளர் கிளெம்பரர் சொன்னார். ஆனால் அது ஊகம்தானே. 1975-இல் வுட்ஸ் குழுவினர் ஆய்வகத்தில், குறைந்த அழுத்த வாயுவில் மின்னிறக்கம் செய்து அந்த அயனியை உண்டாக்கி, அதன் நுண்ணலைக் கோட்டை அளந்தார்கள். அதே இடம்! வானத்துக் கோட்டுக்கு ஆள் கிடைத்தது தரையில்தான். இந்த வேலையின் அழகே எனக்கு இதில்தான் இருக்கிறது. சொல்லிலும் அது தெரிய வேண்டும்.

நான் இருப்பது பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இங்கே தமிழ்வழி படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டபோது ஒரு பெண் சட்டென்று மலையாளம் கலந்து ‘திரிச்சறியாத கோடு’ என்றாள். இங்கே வாக்காளர் அட்டைக்கே ‘திரிச்சறியல் கார்டு’ என்றுதான் பெயர், அதனால் அவளுக்கு இயல்பாக வந்த சொல். அதைத் தமிழாக்கினால் ‘அடையாளம் காணாக் கோடு’ ஆகும். அதையும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் கோட்டுக்கு அடையாளம் இருக்கிறதே! அதிர்வெண் துல்லியமாகத் தெரியும், அகலமும் தெரியும். தெரியாதது அது எந்த மூலக்கூறு இனத்தைச் சேர்ந்தது என்பது மட்டுமே. ஆகவே ‘இனங்காணாக் கோடு’.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் ‘இனம்’ என்று தொடங்கும் சொல்லுக்குத் தயங்குவது புரிகிறது. ‘இனந்தெரியாத நபர்கள்’ என்று செய்தித்தாள்களில் படித்துப் படித்து அந்தத் தொடரே அச்சம் தருவதாகிவிட்டது. அதனால்தான் ‘தெரியா’வைத் தவிர்த்துக் ‘காணா’ என்கிறேன். இனங்காணுதல் என்பது ஆய்வாளர் செய்யும் வேலை. ஆய்வகத்தில் அளந்து பொருத்திய பிறகு அதுவே ‘இனங்கண்ட கோடு’, அந்தச் செயல் ‘இனங்காணல்’. ஒரே வேரில் மூன்றும் கிடைக்கின்றன.

இனங்காணலுக்கு ஒரு கோடு பொருந்தினால் போதாது என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். எதிர்பார்க்கும் கோடுகள் எல்லாம், ஒரே டாப்ளர் நகர்வோடு (மேகத்தின் வேகத்தால் அதிர்வெண் இடம் மாறுவது), கணக்கிட்ட செறிவு விகிதத்தில் இருக்க வேண்டும். கிளைசின் என்ற அமினோ அமிலத்தை விண்மீனிடை மேகங்களில் கண்டதாக 2003-இல் ஓர் அறிவிப்பு வந்தது. இருக்க வேண்டிய சில கோடுகள் அங்கே இல்லை என்று 2005-இல் மறுப்பும் வந்தது.

‘இனங்காணாக் கோடு’ என்பதில் ‘க்’ வேண்டுமா என்று சந்தி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதால் ‘க்’ மிகும், ஓடாக் குதிரை போல. மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிட்டு, அடுத்த சொல்லான ‘சுழற்சி மாறிலி’க்குப் (rotational constant) போகலாம்.